எதிர் வீட்டு நட்சத்திரம்

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் தொங்கிய நட்சத்திரங்களுக்கெல்லாம் கரண்ட் கொடுத்தவர் என் அப்பா. மணலியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் அவர் எலக்ட்ரீஷியன். டிசம்பர் பிறந்துவிட்டால், ஷிப்ட் முடிந்து வந்த கையோடு டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போய் ஒயர் இழுத்து ஹோல்டர் மாட்டிக் கொடுப்பார். மாதா படம் வைத்த வீடா, முருகன் படம் வைத்த வீடா என்று பார்க்க மாட்டார். ஒரு டீயோடு சரி. ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்டுவிட்டு அவர் திரும்பி வருகிற எங்கள் வீட்டு வாசலில் மட்டும் நட்சத்திரம் கிடையாது. இத்தனைக்கும் நாங்கள் கிறிஸ்தவர்கள்.

எனக்கு ஒரு வயது ஆனபோது அப்பாவும் அம்மாவும் ஒரு சின்னச் சபையில் சேர்ந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நான்கு பாய், இரண்டு மின்விசிறி, அவ்வளவுதான் சபை. அங்கே கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. குடில் இல்லை, கேக் இல்லை, புதுத்துணி இல்லை. டிசம்பர் இருபத்தைந்து என்பது எங்கள் வீட்டு காலண்டரில் இருபத்து நான்குக்கு அடுத்த நாள். அன்றைக்கு அப்பா கேட்டு வாங்கி டியூட்டிக்குப் போவார். அவர் புண்ணியத்தில் கூட வேலை பார்த்த ராயபுரத்துக்காரர்கள் இரண்டு பேர் லீவு போட்டுக் குடும்பத்தோடு பிரியாணி சாப்பிட்டார்கள்.

அம்மா பிறந்து வளர்ந்தது ராயபுரம் கல்மண்டபத்தில். அவள் வீட்டில் கிறிஸ்துமஸ் பத்து நாள் நடக்குமாம். அப்படிப்பட்டவளை யாரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சபையில் சேர்க்கவில்லை. மனசாரத்தான் போனாள், சபைக்காக நகையையும் மனசாரத்தான் கழற்றினாள். ஆனால் மே மாத லீவில், ஊரே வெயிலில் வேகும்போது, எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் செய்வாள். முள்கரண்டியின் முதுகில் மாவை உருட்டி உருட்டித் தாம்பாளம் நிறையப் போடுவாள். "இப்ப இன்னாத்துக்கும்மா கல்கல்லு?" என்று கேட்டால், "துன்றதுக்கு மாசம் வேற பாக்கணுமா?" என்பாள். நான் மாசம் பார்க்காமல் தின்றேன்.

எங்கள் சமையலறை ஜன்னல் தெருவைப் பார்த்தது. அதற்கு நேர் எதிரே இருந்தது என் தோழியின் வீடு. அவள் அப்பா துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டினார். அவள் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் இந்துக்கள். ஆனாலும் டிசம்பர் முதல் தேதி ஆனால் அத்தை வாசலுக்கு மேலே ஒரு சிவப்புக் காகித நட்சத்திரத்தை மாட்டிவிடுவாள். ஐந்து முனை, உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாய் ஓட்டை, ஓட்டை வழியாக வெளிச்சம். யாராவது கேட்டால், "கார்த்தி வெளக்கு எடுத்து வெச்சாச்சு, வாசல் இருட்டா கீது, அதான்" என்பாள். டிசம்பரில் மட்டும் எங்கள் அம்மாவுக்குப் பாத்திரம் கழுவ நேரமாகும். ஜன்னலோரம் நின்று ஒரே சட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்கு அந்த நட்சத்திரத்தின் மேல் அவ்வளவு ஆசை. எனக்குப் புதுத்துணி வேண்டாம், கேக் வேண்டாம். ஒரு நட்சத்திரம், அதுவும் ஒரே ஒரு நாளைக்கு, எங்கள் வாசலில் தொங்கினால் போதும். தெரு முனையிலிருந்து வரும்போது அதைப் பார்த்து 'இதுதான் எங்கள் வீடு' என்று நினைக்க வேண்டும்.

ஒன்பது வயதில், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றபோது, ஏதோ வரிசைச் சண்டையில் தோழி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "நீங்கோ டூப்பு கிறிஸ்டீனு. எங்க வூட்லயே ஸ்டாரு கீது. உங்க வூட்ல இன்னா கீது?"

அன்று அப்பாவிடம் கேட்டேன், யேசப்பாவுக்குப் பிறந்தநாளே கிடையாதா என்று. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒயர் நுனியைச் சீவிக்கொண்டிருந்தார்.

"இல்லாம? பொறந்தாரு கண்ணு. அதனாலதான நமக்கு வாழ்வு. ஆனா என்னிக்குன்னு சொல்லல, கொண்டாடுன்னும் சொல்லல. அவரு சாவ நெனைச்சுக்கோன்னாரு, அத வாராவாரம் அப்பம் பிட்டு செய்யறோம். சொல்லாத ஒண்ண அவரு பேர்ல நாம செஞ்சுகினு இருந்தா, அது அவருக்கா, நமக்கா?"

ஒயரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவரே தொடர்ந்தார். "எங்க நைனா கிறிஸ்மஸ் அன்னிக்கு வூட்டுக்கு நடந்து வந்து நான் பாத்ததில்ல. நாலு பேரு தூக்கினு வருவாங்க. புதுச் சட்ட போட்டுகினு நான் கதவாண்ட நிப்பேன். ஒரு நாளுக்காவ ஆண்டவரு பேரச் சொல்லி இம்மாம் ஆட்டம். எனக்கு வேணாம்மா. தெனமும் ஒரே மாரி இருந்துட்டுப் போறேன்."

நான் தலையாட்டினேன். தலைதான் ஆடியது, மனசு எதிர் வீட்டு வாசலிலேயே நின்றது. அப்பா சொன்னதில் பிசகு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால் இன்னும் கோபம் வந்தது.

அந்த வாரம் பார்த்து ஞாயிறு வகுப்பில் ஒரு கதை சொன்னார்கள். பொய்த் தெய்வத்தின் பலிபீடத்தை இடித்துத் தள்ளிய ஒரு வீரனின் கதை. ஆண்டவர் அவனை மெச்சிக்கொண்டாராம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பதுபோல அந்தக் கதையிலிருந்து எனக்கு வேண்டியதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். எதிர் வீட்டு நட்சத்திரம் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தது. ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லியில் மூன்று கல் பொறுக்கினேன். முதல் கல் சுவரில் பட்டது, இரண்டாவது எங்கே போனதென்று தெரியாது. மூன்றாவது நட்சத்திரத்தைக் கிழித்துக்கொண்டு போய் பல்பை 'டப்' என்று உடைத்தது. ஒரு முனை மட்டும் பிய்ந்து தெருவில் விழுந்தது.

அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள். ஈரக் கையோடு வெளியே வந்தாள். முதுகு பழுக்கப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன், அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், அவள் தெருவில் குனிந்து அந்தச் சிவப்புத் துண்டை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எதிர் வீட்டுக்காரர்கள் முன்னால் நான் மானத்தை வாங்கிவிட்டதற்கு அழுகிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அத்தை கத்துவாள் என்று பார்த்தால், அவள் ஓடிவந்து அம்மாவின் தோளைத்தான் பிடித்தாள். "வுடு அண்ணி, கொயந்த ஏதோ தெரியாம செஞ்சுட்ச்சு. ஒட்டிக்கலாம், எங்க போயிடப் போவுது?" என்றாள்.

அம்மா மைதா பசை காய்ச்சினாள். காத்தாடி விற்கிற கடையில் சிவப்புத் தாள் இல்லை, மஞ்சள்தான் கிடைத்தது. எதிர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அம்மா அந்த நட்சத்திரத்தை மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள். எந்த மடிப்பு எந்தப் பக்கம் திரும்பும், எந்த முனைக்குள் நூல் முடிச்சு இருக்கிறது என்று விரல்களுக்கே தெரிந்திருந்தது. எங்கள் அம்மாவுக்குத் தெரியாத வேலையே இல்லை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்பா வந்ததும் நானே முந்திக்கொண்டேன். அந்த வீரன் இடித்த மாதிரி நானும் இடித்துவிட்டேன் என்றேன். ஒருவேளை மெச்சிக்கொள்வார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. "நாம வெக்கலன்னா அது நமக்கும் ஆண்டவருக்கும் நடுவுல கண்ணு. அடுத்தவங்க வெளக்க ஒடைக்கச் சொல்லி அவரு உங்கிட்ட வந்து சொன்னாரா?" என்று மெதுவாகக் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பிறகு டெஸ்டரையும் ஒரு புது பல்பையும் எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார்.

நான் கல்லூரியில் படிக்கும்போது அத்தை வீட்டார் மணலி புதுநகருக்குக் குடிபோனார்கள். சாமான் ஏற்றுகிற அவசரத்தில் அத்தை ஒரு அட்டைப்பெட்டியை என் கையில் திணித்தாள். உள்ளே நான்கு முனை சிவப்பும் ஒரு முனை மஞ்சளுமாய் அந்த நட்சத்திரம்.

"இது உங்கம்மாவுதும்மா. தலைக் கிறிஸ்மஸுக்கு உங்கப்பா ஆசையா வாங்கியாந்து குடுத்தது. சபைக்குப் போவ ஆரம்பிச்சப்போ உங்கம்மா எங்கிட்ட குடுத்துட்ச்சு. தூக்கிப் போட மனசு வரல, நீ மாட்டிக்கோன்னுச்சு. உங்க வூட்டு ஜன்னலாண்ட நின்னா தெரியற மாரி மாட்டு, அது போதும்னுச்சு."

இப்போது எனக்கும் வீடு, குடும்பம் எல்லாம் ஆகிவிட்டது. நானும் அதே சபைக்குத்தான் போகிறேன். அப்பா சொன்ன காரணங்களைத்தான் என் மகளுக்கும் சொல்கிறேன், சொல்வது சரிதான் என்று நம்புகிறேன். எங்கள் வாசலிலும் நட்சத்திரம் கிடையாது. டிசம்பரில் ஒருமுறை மட்டும் பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கித் திறந்து பார்த்துவிட்டு மூடி வைக்கிறேன். அது தப்பா என்று சபையில் யாரிடமும் நான் கேட்கவில்லை.

நான் கல்லெறிந்த அன்றைக்கு அப்பா எதிர் வீட்டு ஸ்டூலில் ஏறி நட்சத்திரத்தை மாட்டினார். புது பல்பு எரிந்தது. மஞ்சள் முனை மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே எரிந்தது. வீட்டுக்காரியான அத்தை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அப்பா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தெருவைத் தாண்டி எங்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தெரியுதா?"

ஜன்னலில் நின்ற அம்மா, "இன்னும் கொஞ்சம் இப்டி" என்றாள்.

அப்பா நூலைத் திருக்கினார். "இப்ப?"

"இப்ப தெரியுது."

வருஷா வருஷம் அவர் இப்படித்தான் கேட்பார், அவளும் இப்படித்தான் பதில் சொல்வாள். எதிர் வீட்டு நட்சத்திரம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எங்கள் அம்மாவிடம் எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. அடி விழாமல் தப்பித்த சந்தோஷத்தில் எனக்கு நன்றாகப் பசித்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய், ஜன்னலில் நின்றிருந்த அம்மாவின் முந்தானையை இழுத்துச் சோறு கேட்டேன்.