தோளில் இருந்த கை

கல்யாணப் படங்களைத் திருத்திக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் சாப்பாட்டு மேசையே என் ஆபீஸ். திருத்தம் முடிந்து படத்தை வெளியே எடுக்கும்போது மென்பொருள் கேள்விமேல் கேள்வி கேட்கும். எந்த அளவு, எவ்வளவு தரம், எத்தனை கூர்மை? போனில் பார்க்க என்றால் சின்னது போதும், ஆல்பத்துக்கு என்றால் பெரியது. கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வேன்.

கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போன என் கணவர் பாலத்தில் லாரி மோதி இறந்தார். மறுநாள் காலையும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். உடல் மதியம் வந்துவிடும், அதற்குள் சட்டம் போட்ட படம் தயாராக வேண்டும். வெளியே கொடுக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டிலேயே ஆள் இருக்கிறதே!

"அண்ணி, பிரிண்ட் கடைக்காரன் பெரிய ஃபைல் கேக்குறான். வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க லா, உடைஞ்சிரும்," என்றார் கொழுந்தனார்.

உருப்படியான படம் ஒன்றுதான் இருந்தது, தீபாவளிக்கு எடுத்தது. அவர் சிரிக்கிறார். பக்கத்தில் நான், அவர் தோளில் கை போட்டபடி. என்னை வெட்டினேன். கை மட்டும் போகவில்லை. கழுத்தோரம் நாலு விரல் நின்றது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, தரத்தை நூறுக்குத் தள்ளினேன்.

பின்னால் நின்ற மாமியார் பார்த்துவிட்டார்.

"கைய எடுத்துரும்மா. செத்தவன் படத்துல உசுரோட இருக்கறவ கை இருக்கக் கூடாது. உன்னையும் கூட்டிட்டுப் போயிருவான்."

"இருக்கட்டும் அத்தே. என் கைதானே."

"வேணாம்மா. ஒருத்தனக் குடுத்தது போதும்."

அவர் குரலில் அதிகாரம் இல்லை, பயம்தான் இருந்தது. அதோடு எப்படிச் சண்டை போடுவது? மணமேடைகளில் குறுக்கே நின்ற எத்தனையோ சித்தப்பாக்களை அழித்தவள் நான். என் விரல்களைச் சுற்றிக் கோடு இழுத்தேன். பக்கத்துச் சட்டைத் துணியை வைத்து மென்பொருள் இடத்தை நிரப்பிவிட்டது. அவ்வளவு சுத்தமான வேலை. பெரிதாக்கினால் மங்கித் தெரியக் கூடாதென்று கூர்மையைக் கொஞ்சம் கூட்டி, முழு அளவில் எடுத்துக் கொடுத்தேன்.

சட்டம் போட்டு வந்த படத்தைக் கீழ்த்தளத்தில் பந்தலுக்குள் வைத்தார்கள். கொழுந்தனார் மாலை சார்த்தினார். கனத்த ரோஜா மாலை. இரண்டு தோளும் அதற்குள் மறைந்து முகம் மட்டும் தெரிந்தது. நான் அழித்த இடத்தின்மேல் முழுக்கப் பூ. எத்தனை சாவு வீட்டுக்குப் போயிருக்கிறோம்! படத்துக்கு மாலை விழும் என்பது மாமியாருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை.

எங்கள் குடும்பத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. கொழுந்தனார் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். நான் பந்தலிலேயே நின்றுவிட்டேன். அழிக்காமல் விட்டிருந்தால், அந்தப் பூவுக்கு அடியில் என் கையாவது அவரோடு போயிருக்கும்.