நாலு விரல் உயரத்தில் ஒரு துளை

அம்மா மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: இனி புகைப் பக்கம் போகவே கூடாது. அம்மா தலையாட்டினாள். மறுநாள் விடிந்ததும் விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

குன்னத்துகால் ஊரில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் அம்மா கூலிக்குக் கஷாயம் காய்ச்சுகிறாள். செங்கல் என்ற பக்கத்து ஊர் வைத்தியர் ஒருவர் இடித்த மருந்துச் சரக்கைச் சாக்கில் கட்டி அனுப்புவார். பதினாறு லிட்டர் தண்ணீரில் அதைப் போட்டு, மெல்லிய சூட்டில் இரண்டு லிட்டராக வற்றும்வரை காய்ச்ச வேண்டும். ஆறேழு மணி நேரம் ஆகும். கேஸ் அடுப்பில் வைத்தால் சிலிண்டர் தாங்காது. அதனால் ரப்பர் விறகு. அது எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு, நெய்யாற்றின்கரையில் மோட்டார் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க நின்று வேலை, பிறகு பஸ்ஸிலும் நின்று பயணம். வீட்டுக்கு வந்தால் அந்த விசில். கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய்த்தான், பானைக்குள்ளேயே கரண்ட் ஹீட்டர் கம்பியைப் பொருத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புது ஸ்டீல் பானையைக் கவிழ்த்து வைத்துத் துளையிட்டேன். சரக்கு அடியில் படிந்து கம்பியில் ஒட்டிக் கருகிவிடக் கூடாது என்று, அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் இடம் குறித்தேன். கணக்காகச் செய்ததாக எனக்குள் ஒரு பெருமை. துளைபோடும் சத்தம் கேட்டு அடுத்த வீட்டு மாமி மதிலுக்கு மேல் தலை நீட்டினாள்.

"எட்டீ, புதுப் பானையில ஓட்ட போடவா நீ இத்தன வருசம் படிச்சே?"

அம்மா விடவில்லை. "அவ போடுத ஓட்ட ஒழுகாதாக்கும்."

ஒழுகவும் இல்லை. கம்பிக்கு இருபுறமும் வாஷர் வைத்து முறுக்கினேன். கிணற்றடியில் எர்த் குழாய் இறக்கினேன். மீட்டர் பலகையிலிருந்து தனி வயர் இழுத்தேன். அடுத்த ஞாயிறு காலை முதல் காய்ச்சல். அம்மா வழக்கப்படி முதலில் இரண்டு லிட்டர் தண்ணீரை மட்டும் ஊற்றி, ஒரு மூங்கில் கோலை அதில் நிறுத்தி, நனைந்த இடத்தில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டாள். வற்றி வற்றி அந்த வெட்டுக்கு வந்தால் கஷாயம் ஆயிற்று. கோலைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். கீழிருந்து இரண்டு விரல்கூட இல்லாத உயரத்தில் இருந்தது அந்த வெட்டு. பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மத்தியானம்வரை எல்லாம் நன்றாக நடந்தது. புகையில்லாத அடுக்களையில் என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கோ வாரம் முழுக்க நின்ற கால்கள். சாப்பிட்டதும் நான் தூங்கிப்போனேன். கருகல் நாற்றம்தான் எழுப்பியது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். தண்ணீர் கம்பிக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. வெளியே தெரிந்த கம்பி செக்கச்செவேலென்று கனன்றது. அதில் ஒட்டியிருந்த மரப்பட்டைத் துண்டுகள் கரியாகியிருந்தன. சரக்கு முழுவதும் பாழ்.

"கம்பி வெளிய தெரிஞ்சப்பமே என்ன எழுப்பியிருக்கக் கூடாதாம்மா?"

"பாத்தேன் மக்கா. நீ படிச்சவ, இது இப்பிடித்தான் இருக்கும்ணு நெனச்சேன்."

கோலை எடுத்துப் பானைக்குள் நிறுத்திப் பார்த்தேன்; வெட்டு கம்பிக்கு வெகு கீழே இருந்தது. வேறு எதைக் காய்ச்சினாலும் அந்தப் பானை போதும். கஷாயம் மட்டும்தான் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். அதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். ஏட்டில் இல்லாததால் எனக்கு மறந்துவிட்டது. விறகடுப்பில் வைத்தால் பானையைவிட்டுக் கண்ணை எடுக்காத அம்மாவோ, என் படிப்பை நம்பி வாயை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை வைத்தியரிடம் கெஞ்சி வேறு சரக்கு வாங்கினாள். மறுபடி ரப்பர் விறகு. நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அடுப்படியிலிருந்து இருமல் வந்தது. வாசல்வரை வந்தது. அன்று நெய்யாற்றின்கரைவரை எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, இன்னொரு பானையும் கம்பியும் வாங்கினேன். துளையிடும் முன் அம்மாவிடம் கோலைக் கேட்டேன்.

"ஓ, எஞ்சினீயருக்கு இப்பம் மூங்கில் கம்பும் வேணுமோ?" என்றாள்.

துளையை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினேன். அப்போதும் கம்பி அந்த வெட்டுக்கு மேலேதான் நின்றது. அதனால் கோலில் நாலு லிட்டருக்கு இன்னொரு வெட்டுப் போட்டோம். மேல் வெட்டுவரை கரண்ட். அதற்குப் பிறகு வேறு பாத்திரத்துக்கு மாற்றி, கேஸில் கடைசிக் காய்ச்சல். அந்தக் கொஞ்ச நேரத்துக்குச் சிலிண்டர் தாங்கும். கம்பி வெளியே தெரிந்தால் யாரையும் கேட்க வேண்டாம், அணைத்துவிடு என்று பலமுறை சொன்னேன். அவள் தலையாட்டினாள். டாக்டரிடம் ஆட்டிய அதே தலை. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

புதுப் பானையில் காய்ச்சிய முதல் நாள், கடையில் வேலைக்கு நடுவே அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"மக்கா, வெள்ளம் மேல் வெட்டுக்கு வந்தாச்சு."

"அணைச்சிரும்மா, ஒடனே அணைச்சிரு!"

"அதெல்லாம் அப்பமே அணைச்சாச்சு. கேஸ்ல ஏத்தியாச்சு. சும்மா ஒன்கிட்ட சொல்லலாம்ணு விளிச்சேன்."

பேச்சுக்கு இடையே அந்த விசில் கேட்டது. இருமல் இல்லை. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அன்று முதல்முறையாக ஸ்டூலில் உட்கார்ந்தேன்.