சும்மா வாங்க

கொல்லிமலையில் ஏரியோரமாக ஒரு வீட்டை மூன்று நாள் வாடகைக்கு எடுத்தோம். வீட்டுக்கார அம்மா போனில், "எல்லாம் இருக்குதுங்க, சும்மா வாங்க" என்றார். நானோ அதை உபசாரப் பேச்சு என்று நினைத்து மிக்ஸி, குக்கர், அரிசி என்று ஒன்பது பை கட்டினேன்.

வீடு வரை கார் போகவில்லை. ஏரிக்கரை மேல் ஓர் ஆள் நடக்கும் பாதைதான். பாதி வழியில் கால் வழுக்கியது; மிக்ஸிப் பை என்னைத் தண்ணீர்ப் பக்கம் இழுத்தது. சட்டென்று பையை விட்டேன். அது ஏரியில் விழுந்தது, நான் பிழைத்தேன்.

"சும்மாதானுங்களே வரச் சொன்னேன்!" என்று ஓடிவந்து கையைப் பிடித்தார் அந்த அம்மா. அவர் சமையலறையில் இரண்டு மிக்ஸி இருந்தன.

போன வாரம் மறுபடியும் போனோம். என் தோளில் ஒரே பை.

"ஏனுங்க, சாமானெல்லாம் எங்கீங்க?" என்று கேட்டார் எதிரே வந்த வீட்டுக்கார அம்மா.

"சும்மா வந்தேனுங்க!" என்றேன், அதே கரையில் இரண்டு கையையும் வீசி நடந்தபடி.