நீந்தத் தெரியும் என்று நான் சொன்னேன்

ஓகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. கிரேக்கத் தீவில் விடுமுறை. வழமைபோல் ஆறு மணிக்கு எழுந்து தேநீர் போட்டேன். பத்து மணிக்கு நான், மனைவி, மகள் அபி மூவரும் அரைநாள் பாய்மரப் படகில் கரையோரமாகப் புறப்பட்டோம்.

குளிப்பதற்காகப் படகை நிறுத்திய படகோட்டி, “பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா?” என்று கேட்டார். “தெரியும்” என்றேன். நாங்கள் வசிக்கும் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் ஆறு வயதில் அவள் வாங்கிய நீச்சல் சான்றிதழ் என் கோப்பில் இருக்கிறது. இப்போது அவளுக்குப் பதின்மூன்று. இடையில் அவள் நீந்தவேயில்லை.

மிதவைச் சட்டையில்லாமல் குதித்தவள், “அப்பா, ஏலாதப்பா!” என்று கத்தியபடி மூழ்கினாள். எனக்கும் நீந்தத் தெரியாது. படகோட்டிதான் பாய்ந்து தூக்கினார்.

“உங்கட ஃபைல் கடலிலை நீந்துமோ?” என்று மனைவி அழுதாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக, கார்ல்ஸ்ரூஹே நீச்சல் குளத்துக்குத் தொலைபேசி எடுத்து நீச்சல் வகுப்புக்கு இரண்டு பெயர்களைப் பதிந்தேன்: அபியினதும் என்னுடையதும்.