ஸ்டெல்லா டீச்சரின் ஆய்வக ஜோடிகள்

சனிக்கிழமை மாலை எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. வேதியியல் ஆசிரியை ஸ்டெல்லா, கம்பைநல்லூரில் தம் வீட்டில் மாரடைப்பால் காலமானார். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. நடுவில் ஒருவர், "அடக்கம் எங்கீங்க, காலனியிலயா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று எழுதினேன். அதோடு கைகூப்பும் படங்கள் நின்றுபோயின.

மறுநாள் அடக்கத்துக்கு ஆசிரியர்களில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். மாலை போட்டுவிட்டு, அந்த வீட்டார் நீட்டிய காபியை வாங்காமல் சாலையோரம் காருக்கருகே போய் நின்றுகொண்டார்கள். "நேரமாச்சுங்க" என்றார்கள்.

நான் இயற்பியல் ஆசிரியை. பாலக்கோட்டை ஒட்டிய எங்கள் அரசுப் பள்ளியில் என் ஆய்வகத்துக்கு அடுத்த அறை அவருடையது. வந்த புதிதில் ஒருநாள் கேட்டார். "டீச்சர், காலனிப் புள்ளைங்க யாருமே பிப்பெட்டத் தொட மாட்டேங்கறாங்களே, பாத்தீங்களா?"

பிப்பெட் என்பது கரைசலை அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழாய். அப்போதெல்லாம் வாயால்தான் உறிஞ்சுவார்கள். இரண்டு பேருக்கு ஒரு குழாய். ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவரும் வாய் வைக்க வேண்டும். அதனால் தெரு பார்த்துத் தாங்களாகவே ஜோடி சேர்ந்துகொள்வார்கள். மிஞ்சிய காலனிப் பிள்ளை வேறொருவருடன் சேர நேர்ந்தால், குடுவையைக் குலுக்குவதும் கழுவுவதும்தான் அதன் வேலை. யாரும் அப்படி விதி போட்டதில்லை. "நம்ம ஸ்கூல்ல அந்த மாதிரியெல்லாம் இல்லீங்க" என்றே தலைமையாசிரியர் சொல்லிவந்தார்.

அந்த வருடம் கலையரசி என்ற காலனிப் பெண் நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். பதினோராம் வகுப்பு முழுக்க அவள் குடுவை கழுவியிருந்தாள். பொதுத்தேர்வில் தனியாகத்தான் செய்துகாட்ட வேண்டும். பழகாத கைக்கு மதிப்பெண் போய்விடும்.

ஸ்டெல்லா டீச்சர் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஜோடிகளை மாற்றினார். கலையரசிக்கு அடுத்த பெயர் கல்பனா. மூன்றாம் நாள் கல்பனாவின் அப்பா வந்துவிட்டார், தக்காளி மண்டிக்காரர். நானும் அங்கிருந்தேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். எம்புள்ள வூட்லயே எச்சி டம்ளர்ல குடிக்காதுங்க. அவ்ளோ சுத்தம்."

"நல்ல பழக்கந்தாங்க. அப்ப கல்பனா மொதல்ல வாய் வெக்கட்டும். கலையரசி அப்புறமா வெச்சுக்கும். அதுக்கு எச்சி பரவால்லையாம்."

அவர் தரையைப் பார்த்தார். "அது... அது சரிவராதுங்க டீச்சர்."

"ஏனுங்க?"

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு டீச்சர் சிரிக்கவில்லை. "நாளைக்கு எத்தன பேரக் கூட்டிட்டு வருவாரோ" என்றார். அந்த வாரம் முழுவதும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் நாங்கள் இருவரும் எட்டிப் பார்த்தோம்.

யாரும் வரவில்லை. வாயால் உறிஞ்சுவதே ஆபத்து, குழாயின் தலையில் மாட்டி உறிஞ்சும் ரப்பர் பல்ப் வாங்கிவிடலாம், பிரச்சினையும் தீரும் என்று நான்தான் சொன்னேன். வாங்கினோம். "எச்சிங்கற சாக்குத்தாங்க போச்சு" என்றார் அவர். "இனி என்ன சாக்கு வருதுன்னு பாருங்க." மிகையாகப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

கலையரசி தேர்வில் தன் கையால் அளந்தாள். இப்போது சேலத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். அதன் பின் ஒவ்வொரு ஆண்டும் டீச்சர் பதிவேட்டு வரிசையிலேயே ஜோடி சேர்த்தார். சத்தம் போட்டதில்லை, மேசை மேசையாக நடந்துகொண்டே இருப்பார்.

அடக்கத்துக்கு மறுநாள் வேதியியல் ஆய்வகத்தை நான் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. உள்ளே போனால் ஜோடிகள் மாறியிருந்தன. காலனிப் பிள்ளைகள் கடைசி மேசைக்குப் போயிருந்தார்கள். அவர்களிடம் பிப்பெட் இல்லை.

"யார் மாறச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க டீச்சர்" என்றாள் முன்வரிசைப் பெண், சாதாரணமாக. "அதான் ஸ்டெல்லா டீச்சர் இல்லீங்களே."

பழைய இடத்துக்கே போகச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது போனார்கள். ஆனால் நான் எப்போது வெளியே போவேன் என்று வாசலையே பார்த்தார்கள்.

மணி அடிக்கும்வரை நான் போகவில்லை ஸ்டெல்லா டீச்சர். வியாழக்கிழமை மறுபடியும் ஆய்வக வகுப்பு இருக்கிறது. நீங்கள் இத்தனை வருடம் பட்ட பயம் எவ்வளவு என்று இப்போது தெரிகிறது. அதை இங்கே வைத்துவிட்டு நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.