நான் திறந்த ஷட்டர்

எங்கள் ஊரில் ஆற்றைத் திறந்துவிட்ட ஒரே பெண் நான்தான். மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே திறந்தேன். இதை நம்பாதவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. நம்புகிறவரை நான் யாரையும் விடவில்லை.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சின்ன அணை. அப்பா அதில் லஸ்கர். அளவுப் பலகையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து ஓவர்சியருக்குப் போனில் சொல்வதும், அவர் சொன்னபடி மதகு ஷட்டரை ஏற்றி இறக்குவதும்தான் வேலை. மழைக்காலம் முடிகிறவரை அணையை முழுக்க நிரப்பக் கூடாது, இரண்டடி குறைத்தே வைத்திருக்க வேண்டும். மலைத் தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது. வரும்போது அது நிற்க இடம் வேண்டும்.

அந்த வருடம் ஆவணியில் ஆறு காய்ந்து கிடந்தது. சொந்த நிலம் இல்லாத பெரியப்பா அணைக்குக் கீழே ஆற்று மணலில் குழி எடுத்து, எரு போட்டு, வெள்ளரி வைத்தார். அவரும் பெரியம்மாவும் ஊற்றுத் தோண்டிக் குடம் குடமாக மொண்டு ஊற்றினார்கள். பிள்ளை இல்லாத வீடு அது. நான் பாதி நாள் அங்கேதான் வளர்ந்தேன். ஐப்பசியில் கொடியெல்லாம் பிஞ்சு இறங்கிய நேரம் பார்த்து மலையில் மழை பிடித்துக்கொண்டது. அணையில் தண்ணீர் மளமளவென்று ஏறியது.

பெரியப்பா காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார்.

“நாலு நாளு பொறுத்துக்கடா. பிஞ்சு காயாயிடும். ஒரு அடி கம்மியா நிக்குதுன்னு போன்ல சொல்லு, எவன் வந்து பாக்கப் போறான்?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டே பேசினார். “இப்ப கொஞ்சமா தொறந்தா கொடிதான் போவும்ணா. நாலு நாளு வச்சிக்கினு இருந்து மொத்தமா தொறந்தா, கரையோரத்துல இருக்கிறவங்க வூடே போயிடும்.”

“அப்ப எம்பொழப்பு போனா இன்னா, அப்பிடித்தான?”

அப்பா போனை எடுத்தார். அளவை உள்ளபடியே ஓவர்சியருக்குச் சொன்னார். மதியம் ஒரு ஷட்டரை அரையடி திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இனி உன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள், கிடைத்த பிஞ்சைப் பறிக்க. அப்பா சைக்கிளில் கரை நெடுகப் போய், ஆட்டையும் மாட்டையும் மேலே ஏற்றச் சொல்லிவிட்டு வந்தார்.

வந்தவர் என்னைக் கூப்பிட்டார். “வா, நீயும் ஒரு கை புடி.”

அதுவரை ஷட்டர் மேடையில் ஏறினாலே காலை உடைப்பேன் என்று சொன்ன மனுஷர். எனக்குத் தலைகால் புரியவில்லை. கிரீஸ் வழிகிற இரும்புச் சக்கரத்தில் என் கைகள், அவற்றின்மேல் அப்பாவின் கைகள். சுற்றச் சுற்ற, கீழே செந்நிறமாகத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு புறப்பட்டது. தூரத்தில் பச்சையாகத் தெரிந்த கொடிகள் எழும்பி மிதந்து போயின. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவ்வளவு பெரிய ஆறு என் கை பட்டு ஓடுகிறதே என்ற பெருமைதான் ஜாஸ்தியாக இருந்தது.

பெரியப்பா முழங்கால்வரை சேற்றோடு கரையேறி வந்தார். “எவன்டா தொறந்தது?” என்று கத்திக்கொண்டே வந்தார்.

அப்பா சக்கரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் முந்திக்கொண்டேன். “நான்தான் பெரியப்பா.”

அவர் என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார். துண்டால் என் கையைத் துடைத்தார், கிரீஸ் போகவில்லை.

“நல்லாத்தான் தொறந்திருக்க, கண்ணு” என்றார்.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டில் சாப்பிட்டார். நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் மலையில் கொட்டித் தீர்த்தது. வந்த தண்ணீரெல்லாம் காலியாக வைத்திருந்த இரண்டடியில் அடங்கியது. கரையோரத்தில் ஒரு குடிசைக்கும் சேதமில்லை. அதையும் என் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

அந்தச் சக்கரத்தைச் சுற்ற அப்பாவுக்கு என் கை தேவையே இல்லை என்பது, நான் கல்யாணமாகிப் போன பிறகுதான் உறைத்தது. ஓவர்சியரிடம் ஒரு விரற்கடைகூடக் குறைத்துச் சொல்லாதவர், அண்ணன் முகத்தைப் பார்த்து ‘நான்தான் திறந்தேன்’ என்று சொல்ல மட்டும் முடியாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அப்பாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். அவர் என்னை ஏன் கூப்பிட்டார் என்பது அன்றைக்கே பெரியப்பாவுக்குப் புரிந்துவிட்டது. நான்தான் கையைக் கழுவாமல், அந்தக் கிரீஸைப் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தேன்.