கத்தாத துணி

என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. ஆட்டிசம். பேச்சு வரும், அளந்து வரும். அதில் அதிகம் புழங்குகிற சொல் "கத்துது". மிக்ஸி கத்துது, மேல்வீட்டில் நாற்காலி இழுத்தால் கத்துது, சில நேரம் வீட்டில் ஒரு சத்தமும் இல்லாதபோதும் கத்துது. எங்களுக்கு மந்தைவெளியில் ரயில் பாலத்தை ஒட்டிய வீடு. நமக்குக் கேட்காதது எதுவோ அவளுக்குக் கேட்கிறது என்று நான் ஜன்னலைச் சாத்துவேன், ஃபேனை நிறுத்துவேன். இரண்டு பேரும் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்போம்.

அவளுக்குத் துணி எடுப்பது நான்தான். தி. நகருக்கு ஒரு தடவை கூட்டிப் போய்ப் பட்ட பாட்டில் போதும் போதுமென்று ஆகிவிட்டது. அதன் பிறகு நானே போய், நாலு பேர் பார்த்து மெச்சுகிற மாதிரி, கழுத்தில் லேஸும் ஓரத்தில் ஜரிகையும் உள்ள சுடிதாராகத் தேடி எடுத்து வருவேன். இப்படிப்பட்ட பிள்ளைக்கு இது போதும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவள் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதற்கு முன்பு ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் அவள் பாதியிலேயே அழுது, மேல்துணியைக் கிழித்துக்கொள்ள, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்திருந்தோம். மேளச் சத்தம் ஆகவில்லை என்று பேசிக்கொண்டோம். இந்தக் கல்யாணத்துக்கு அவளை யார் வீட்டிலாவது விட்டுவிடலாமே என்று என் நாத்தனார் நாசூக்காகச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்த அண்ணன் கல்யாணத்தில் தங்கை இல்லாமல் அது என்ன கல்யாணம்? ஆனால் அவள் அங்கே தாங்குவாளா என்று எனக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், "டிரெஸ் நானே எடுக்கறேன்" என்றாள்.

தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில், இவளைப் போன்றவர்கள் கூட்டத்திலிருந்து ஒதுங்கி உட்கார "அமைதி அறை" திறந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை, கடை திறந்ததும் போனோம். எஸ்கலேட்டர், விளம்பரப் பாட்டு, கூவுகிற பையன்கள் எல்லாவற்றையும் தாண்டி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் மகள் அந்தக் கதவு வரைக்கும் வந்துவிட்டாள். கதவருகே துடைப்பத்தோடு நின்ற அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாம்மா, தியானமா, தூக்கமா?" என்று கேட்டாள்.

உள்ளே போனதும் புரிந்தது. ஊதுபத்திப் புகை. சுவரில் மின்னி மின்னி அணைகிற சீரியல் லைட்டோடு சாமி படம். ஓயாமல் ஓம் சொல்லும் சின்னப் பெட்டி ஒன்று. மனைவிமார் புடவை எடுக்கிற நேரத்தில் இரண்டு ஆண்கள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் மகள் ஒரு நொடி நின்றாள், திரும்பினாள், படியில் இறங்கி ஓடினாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

அவளை வீட்டில் விட்டுவிட்டு மத்தியானமே திரும்பிப் போனேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மாடி சூப்பர்வைசரைப் பிடித்து ஆத்திரம் தீரக் கேட்டேன். தெற்கத்திக்காரர், நாற்பது வயதிருக்கும், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். வெளியூரில் இப்படி ஒரு அறையைப் பார்த்துவிட்டு வந்த முதலாளி, இங்கேயும் வேண்டும் என்று சொன்னாராம். பெயரை மட்டும் சொன்னாராம். மற்றதை இவராகவே செய்திருக்கிறார், தன் கைக்காசில் சாமி படமும் வாங்கி மாட்டியிருக்கிறார்.

"ஏம்மா, அமைதின்னா சாமி இல்லாமலா?" என்றார்.

நிஜமாகவே கேட்டார். எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. வாசனை வேண்டாம், மின்னுகிற வெளிச்சம் வேண்டாம், பாட்டு வேண்டாம், எதுவுமே இல்லாமல் இருப்பதுதான் இவர்களுக்கு அமைதி என்று உட்கார்ந்து சொன்னேன். சத்தத்தை எப்படி நிறுத்துவது என்று யோசித்தவர், கடைசியில் தானே வழி சொன்னார். குடோனில் துணிக்கட்டு அடுக்கிய பிறகு பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே கேட்காதாம். எனது நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்.

பத்து நாளில் அவரே கூப்பிட்டார். போனோம். சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் செய்திருந்தார். சாமி கல்லாவுக்குப் போய்விட்டது. ஒரே ஒரு மங்கலான விளக்கு. நாலு சுவரும் தெரியாமல் தரையிலிருந்து கூரை வரை காடாத் துணிக் கட்டுகள். தலையணை உறைக்கும் லைனிங்குக்கும் போகிற, சாயம் போடாத முரட்டுத் துணி. கதவைச் சாத்தியதும் தி. நகரே இல்லாமல் போனது. நாங்கள் இருவர் மட்டும்.

என் மகள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு, "கத்துது" என்றாள்.

வழக்கம்போல நானும் தேடினேன். சாத்த ஜன்னல் இல்லை, நிறுத்த ஃபேன் இல்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் கேட்டேன்: "எதும்மா?"

அவள் தன் கழுத்தில் இருந்த லேஸை இரண்டு விரலால் பிடித்து இழுத்துக் காட்டினாள். அப்புறம் ஜரிகையை. நான் பார்த்துப் பார்த்து வாங்கியது. லேஸுக்கு அடியில் கழுத்து சிவந்து தடித்திருந்தது. வேர்க்குரு என்று நான் பவுடர் போடுகிற இடம். "எது?" என்று இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூட அவளைக் கேட்டதில்லை. அந்தக் கல்யாணத்திலும் அவள் கிழித்தது துணியைத்தான். வெட்கமாக இருந்தது. அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

அவள் என்னைக் கவனிக்கவில்லை. ஒரு காடாக் கட்டில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். "இது கத்தல" என்றாள்.

காடாவில் கழுத்துத் தையல் வெளிப்பக்கமாக வரும்படி தளர்வாக ஒரு சட்டையும் பாவாடையும் தைத்தோம். மயிலாப்பூர் மண்டபத்தில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே, அண்ணனுக்குப் பக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு நின்றாள். தலையணை உறையா என்று என் நாத்தனார் கேட்டாள். ஆமாம் என்றேன்.

கெட்டிமேளம் எழுந்தது. அவள் காதைப் பொத்தினாள். ஆட்டோவுக்கு ஓடத் தயாராகக் குனிந்து, "எது கத்துது?" என்று கேட்டேன்.

"மேளம் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு, காதைப் பொத்தியபடியே தாலி கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.